பெட்டி வாங்கும் ஊரும் பெட்டி செய்யும் ஊரும்

கணினியின் உறுப்புகளுள் நம் ஊரிலேயே, நம்மவர் கையாலேயே முழுமையாகச் செய்யத்தக்கது எது என்று கேட்டால், அதன் பெட்டி ஒன்றுதான் என்பேன். மையச் செயலியை உருவாக்கும் ஆலைகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நினைவகச் சில்லும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் கடல் கடந்து வருபவை. உலோகத் தகடும் அக்ரிலிக் பலகையும் திருகாணியும் சந்தைத் தெருவில் கிடைக்கின்றன. அவற்றை வெட்டவும் மடிக்கவும் துளையிடவும் அறிந்தோர் நம் அண்டை வீடுகளில் வாழ்கின்றனர். ஆயினும், கணினி வாங்கும்போது நாம் சிறிதும் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் உறுப்பும் இந்தப் பெட்டியே.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் வழங்கும் கைத்தொழிற் சொற்களை ஆராய்ந்து வருகிறேன். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் ஒரு பக்கம். சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மறுபக்கம். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டியவை அல்ல; திருச்சூரும் எறணாகுளமும் இடையே உள்ளன. இரண்டிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்வதும், சோதனைச் சாவடிக்கு அப்பால் தமிழகப் பட்டறை நகரங்கள் அமைந்திருப்பதுமே அவற்றுக்குப் பொதுவானவை. சொல் தேடிப் பட்டறைகளில் அமர்ந்த நாள்களில் எனக்கு உறுதிப்பட்ட கருத்தொன்றை இங்கே முன்வைக்கிறேன்.

தகட்டாலும் அக்ரிலிக்காலும் கணினிப் பெட்டியைக் கையால் செய்வதனை வசதி படைத்த இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. இவ்வெல்லைப்புறத்தின் தட்பவெப்பம் அத்தகைய பெட்டியை வேண்டி நிற்கிறது. இங்குள்ள பட்டறை அறிவு அதற்குப் போதுமானது. நம் கல்வி நிறுவனங்களின் கொள்முதல் வழக்கமும் பாடத்திட்டமுமே குறுக்கே நிற்கின்றன. பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் வரலாறு. கடையில் வாங்கும் ஆயத்தப் பெட்டி கணினியின் வரலாற்றில் பிற்பட்டே தோன்றியது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ர. நரசிம்மன் தலைமையிலான குழு வடிவமைத்த டிஃப்ராக் கணினி 1960இல் முறைப்படி இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அதன் முதன்மைப் பகுதி, 18 அடி நீளமும் 8 அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உடைய எஃகுச் சட்டகம் ஒன்றினுள் அமைந்தது. சட்டகத்தைத் தனித்தனிக் கூறுகளாகச் செய்து இணைத்திருந்தனர். மின்சுற்றுகளை எட்டுவதற்காக ஒவ்வொரு கூற்றுக்கும் இருபுறமும் எஃகுக் கதவுகள் வைத்திருந்தனர். குழாய்கள் அடிக்கடி பழுதாகும் என்பதை அறிந்தே அக்கதவுகள் அமைந்தன. பெட்டியைப் பற்றிய சிந்தனையும் பழுதுபார்ப்பதைப் பற்றிய சிந்தனையும் அன்று ஒன்றாகவே இருந்தன.

1976இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் 1 கணினிக்குப் பெட்டியே கிடையாது. வாங்கியவர் கையில் கிடைத்தது, உறுப்புகள் பற்றவைக்கப்பட்ட பலகை மட்டுமே. பெட்டி, விசைப்பலகை, மின்மாற்றி ஆகியவற்றை அவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பலர் மரத்தால் பெட்டி செய்துகொண்டனர். இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் காணப்படும் அக்கணினிகள் சிலவற்றின் மரப்பெட்டிகள் முதல் உரிமையாளர்கள் தம் கையால் செய்தவை அல்லது அருகிலிருந்த தச்சரிடம் சொல்லிச் செய்வித்தவை.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அளவு நெறியை வெளியிட்டது. அதன்படி முழு அளவுத் தாய்ப்பலகை 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் உடையது. பின்புற இணைப்பிகளுக்குரிய செவ்வகத் திறப்பு 158.75 மி.மீ.க்கு 44.45 மி.மீ. விரிவாக்க அட்டைகளுக்கு இடையிலான தொலைவு 20.32 மி.மீ. 2001இல் வியா நிறுவனம் கொணர்ந்த மினி ஐடிஎக்ஸ் பலகை 170 மி.மீ. சதுரம். பரவலாக வழங்கும் 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை. இவ்வெண்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. அளவு நெறி பொதுவில் வெளியிடப்பட்டால், பெட்டி செய்யும் உரிமை எவருக்கும் உரியதாகிறது. அளவுநாடாவும் மூலைமட்டமும் உடைய எந்தப் பட்டறையும் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் துளைகள் இடம் மாறவில்லை. ஆகவே, இன்று ஒழுங்காகச் செய்த பெட்டி அடுத்து வரும் மூன்று நான்கு தாய்ப்பலகைகளுக்கு இடம் கொடுக்கக்கூடும்.

இனி நிலத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் ஏற்பட்ட பெரும் இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே கிழக்கின் வறண்ட காற்று புழுதியோடு உள்ளே நுழைகிறது. கோடையில் பாலக்காட்டின் சில பகுதிகளில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. 2016 ஏப்ரலில் மலம்புழா 41 பாகையையும் கடந்தது. இடுக்கியின் நிலை முற்றிலும் வேறு. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் சுவரும் துணியும் காய்வதில்லை. குளிர்காலத்தில் சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிகிறது.

கணினிப் பெட்டிக்கு இவ்வேறுபாடு என்ன செய்கிறது? எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 200 வாட் வெப்பத்தை வெளியிடும் கணினியின் உட்காற்று, அறைக்காற்றைவிடப் பத்துப் பாகைக்கு மேல் சூடாகாதிருக்க வேண்டுமானால், சமவெளியில் நொடிக்குச் சுமார் 17 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்ல வேண்டும். மூணாற்றின் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே அதே பணிக்கு நொடிக்குச் சுமார் 20 லிட்டர் தேவை. ஆனால் அங்கே அறைக்காற்றே 20 பாகையில் இருக்கும்போது, வெப்பம் பெருந்துன்பம் அன்று. ஈரமே துன்பம். குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின்மேல் ஈரக்காற்று படும்போது நீர்த்துளி அரும்புகிறது. நாளடைவில் இணைப்பிகளில் பச்சை படர்கிறது. பாலக்காட்டில் கதை நேர்மாறானது. கோடை நண்பகலில் பெட்டிக்குள் நுழையும் காற்றே 38 பாகை. அதற்கு மேல் பத்து. அத்துடன் புழுதி விசிறியின் இதழ்களிலும் வெப்பந்தணிப்பானின் இடுக்குகளிலும் படிந்து காற்றின் வழியை அடைக்கிறது.

சந்தையில் இன்று மிகுந்து விற்கும் பெட்டிகளைப் பாருங்கள். முகப்பில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு, காற்று நுழைவதற்குப் பக்கவாட்டில் ஒரு குறுகிய பிளவு. குளிரூட்டிய அறைக்கு அவை பொருந்தலாம். வேலந்தாவளத்தில் ஓட்டுக்கூரையின் கீழ் இயங்கும் கணினி மையத்துக்கும், தேவிகுளத்தில் தோட்டக் குடியிருப்பை ஒட்டிய படிப்பகத்துக்கும் ஒரே பெட்டி பொருந்தும் என்று எண்ணுவது, ஒரே சட்டை எல்லாருக்கும் பொருந்தும் என்று எண்ணுவதைப் போன்றது. சமவெளிப் பெட்டிக்கு அகன்ற வலை முகப்பு வேண்டும். மெல்லச் சுழலும் பெரிய விசிறிகள் வேண்டும். உள்ளே தள்ளும் காற்று வெளியேற்றும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருந்தால் இடுக்குகள் வழியே புழுதி புகாது. வடிகட்டித் துணியைத் திருப்புளியின்றிக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். மலைப்பெட்டிக்கோ திறப்புகள் குறைவாக, கீழ்நோக்கியவையாக இருத்தல் நலம். கால்கள் உயரமாக இருந்தால் ஈரத்தரையிலிருந்து விலகி நிற்கும். பூச்சிகளையும் பல்லிகளையும் தடுக்கும் நெருக்கமான வலை இன்றியமையாதது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான மின்வழங்கியை அவை தேடி வரும்.

இப்போது செய்முறை. பட்டறைக்காரர் முதலில் கேட்பது எத்தனை கேஜ் தகடு என்பதைத்தான். 18 கேஜ் தகடு சுமார் 1.2 மி.மீ. தடிப்பு, 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ. கடைப்பெட்டிகளில் மலிவானவை அதனினும் மெல்லியவை. அதனால்தான் விசிறி சுழலும்போது அவை முனகுகின்றன. தாய்ப்பலகையைத் தாங்கும் தட்டுக்கு 18 கேஜ் துத்தநாகப் பூச்சுத் தகடு அல்லது 2 மி.மீ. அலுமினியம் போதும். அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது, துருப்பிடிப்பதில்லை. துத்தநாகப் பூச்சுத் தகட்டை வெட்டினால் வெட்டுமுனையில் பூச்சு போய்விடும். மலைப்பகுதிகளில் அம்முனையிலிருந்தே துரு தொடங்கும். முனையை அரத்தால் தேய்த்து வண்ணம் பூசுவது அங்கே அழகுக்கான வேலை அன்று.

அவரது இரண்டாம் கேள்வி, நீங்கள் சொல்லும் அளவு உள்ளளவா வெளியளவா என்பது. தகடு மடியும்போது மடிப்பின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. ஆகவே விரித்த தகட்டின் நீளம் வெளியளவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இராது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சிறு அளவைக் கழிக்க வேண்டும். பொறியியற் பாடநூல் அதற்குச் சூத்திரமும் கெழுவும் தருகிறது. பட்டறைக்காரரிடம் இருப்பது வேறு: தம்முடைய மடிப்பு இயந்திரத்தில், தாம் வழக்கமாக வாங்கும் தகட்டில், எவ்வளவு கழிக்க வேண்டும் என்னும் துல்லியமான நினைவு. அந்த எண் வேறெங்கும் எழுதப்பட்டதன்று. அவர் தொழிலை விட்டால் அவரோடு போய்விடும்.

அடுத்தது அக்ரிலிக். இதனை வெட்டுவோரைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. சிறு நகரங்களிலும் பெயர்ப்பலகை செய்யும் கடைகள் உண்டு, பலவற்றில் இப்போது லேசர் வெட்டும் இயந்திரமும் உண்டு. இயந்திரம் இல்லாத இடத்தில் கீறுகத்தியால் பலமுறை கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடிக்கிறார்கள். அக்ரிலிக் உலோகத்தைப் போல நடந்துகொள்வதில்லை. துளையிடும்போது விரைந்தால் உருகி ஒட்டும், அழுத்தினால் விரியும். மேலே ஒட்டிய காகிதத்தை வேலை முடியும்வரை உரிக்கலாகாது. வெட்டுமுனையைச் சாராயக் கலவையால் துடைத்தால் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். கைகழுவும் சானிடைசர்கூட இதைச் செய்யும். குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களைக் கொண்டு ஒட்டுவோர் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 400 மி.மீ. நீளமுள்ள அக்ரிலிக் பலகை, வெப்பம் 20 பாகை ஏறினால் ஏறத்தாழ அரை மி.மீ. நீள்கிறது, அதே நீள அலுமினியம் 0.2 மி.மீ. அளவுக்குக்கூட நீள்வதில்லை. இரண்டையும் இறுகத் திருகிவிட்டால், ஒரு கோடை கழிவதற்குள் துளையோரத்தில் விரிசல் விழும். ஆகவே அக்ரிலிக்கில் துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்; இடையே ரப்பர் வளையம் வேண்டும். பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் வெயிலில் நிற்கும் பலகைகளைச் செய்து செய்து இதனை நன்கறிவர். விரிவெண்ணின் அட்டவணையை அவர்கள் பார்த்ததில்லை. விரிசல் விட்ட பலகைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

பெட்டி முழுவதையும் அக்ரிலிக்கால் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலுமினியத்தின் வெப்பங்கடத்தும் திறன் அக்ரிலிக்கினுடையதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அக்ரிலிக் எரியக்கூடியது. கணினி வெளியிடும் வானொலி இரைச்சலை அது தடுப்பதில்லை. உலோகக் கூடு தடுக்கிறது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் உலோகத் தட்டின்மேல்தான் அமர வேண்டும். அத்தட்டு மின்வழங்கியின் உடல்வழி நிலத்தொடர்பு பெற வேண்டும். வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது; ஆதலால் திருகாணி அமரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். மின்வழங்கியின் மூடியை எவரும் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இடியும் மின்னலும் மிகுந்த இடுக்கியில் நிலத்தொடர்பைப் பற்றி இருமுறை சொன்னாலும் தகும்.

அப்படியானால் அக்ரிலிக் எதற்கு? பக்கவாட்டு மூடி ஒன்றுக்கு. அழகு அதன் பயன்களுள் கடைசியானது. உள்ளே புழுதி எவ்வளவு படிந்தது, எறும்பு புற்று வைத்ததா, விசிறி சுழல்கிறதா என்பவற்றைத் திறவாமலே காணலாம். பள்ளியில் அது பாடநூலுக்கு நிகர். கணினி என்றால் திரை என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு, திரைக்குப் பின்னே என்ன இருக்கிறது என்பதை ஓர் ஒளிபுகும் பலகை நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை அறிவும் நம் எல்லைப்புறத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதே என் வாதத்தின் நடுவம். வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூர். நெசவாலைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் அங்கே 1937இல் மின்மோட்டாரையே செய்யத் துணிந்தன, ஜி.டி. நாயுடுவின் பெயரும் பாலசுந்தரம் நாயுடுவின் பெயரும் அவ்வரலாற்றில் நிலைத்தவை. கணவாயின் இப்பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இந்தியத் தொலைபேசித் தொழிலகமாகத் தொடங்கிய ஐடிஐ நிறுவனம் 1976இல் அங்கே ஆலை நிறுவித் தொலைபேசி இணைப்பகக் கருவிகளைச் செய்தது. அதே ஆலை அண்மை ஆண்டுகளில் ஸ்மாஷ் என்னும் பெயரில் கணினிகளையும் செய்துவருகிறது. இடுக்கியின் எல்லை மக்களுக்குக் கம்பமும் போடியும் உடுமலையும் பட்டறை நகரங்கள். மறையூரிலிருந்து உடுமலைக்குச் செல்லும் பேருந்து காட்டைக் கடந்து இறங்கினால், தகடு மடிப்போரும் கடைசல் போடுவோரும் அங்கே இருக்கின்றனர்.

இப்பட்டறைகளின் மொழியே என் ஆய்வுப்பொருள். அரம், உளி, ஆணி, தகடு ஆகிய சொற்கள் எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே ஒலியோடு வழங்குகின்றன. தமிழர் சுத்தியல் என்பதை மலையாளிகள் சுற்றிக என்கின்றனர். தமிழின் மூசை மலையாளத்தில் மூச என்றாகி, வெண்கலம் வார்ப்போருக்கு மூசாரி என்னும் பெயரையும் தந்திருக்கிறது. இச்சொற்களுக்கு நடுவே கேஜ், ரிவெட், பெண்டிங், டேப் என்னும் சொற்கள் குடியேறிப் பழகிவிட்டன. தொழிலாளி இவற்றையெல்லாம் ஒரே வாக்கியத்தில் இடறலின்றிப் பேசுகிறார். ஆனால் அவர் பேசும் சொற்களுள் பெரும்பாலானவற்றைத் தமிழ்வழி மாணவரின் தகவல்தொழில்நுட்பப் பாடநூலில் நான் காணவில்லை.

கேரளம் இத்துறையில் பெருமைக்குரிய முன்னோடி. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்ததோடு, அவற்றைக் கட்டற்ற மென்பொருளுக்கும் மாற்றியது. 2017இல் அத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018இல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்கள் தோன்றின. மென்பொருளின் உள்ளே பார்க்கவும் அதனை மாற்றவும் மாணவருக்கு உரிமை உண்டு என்பதைக் கொள்கையாகவே ஏற்ற மாநிலம் இது. அந்தக் கொள்கையை ஏன் மென்பொருளோடு நிறுத்த வேண்டும்? நிரலைத் திறந்து காட்டிய நாம் பெட்டியை முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். கணினியின் மூடியைத் திறக்கும் மாணவர் பல பள்ளிகளில் இன்றும் குற்றம் செய்தவராகவே நோக்கப்படுகிறார்.

ஆய்வு நிறுவனங்களின் நிலை இதனினும் மேலானதன்று. களப்பதிவுகளைச் சேமிக்கும் எங்கள் குழுவின் கணினிக்கு மலைப்பகுதிக்கேற்ற பெட்டி ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்தோம். தகட்டின் விலை, அக்ரிலிக்கின் விலை, கூலி என்று மூன்று வரிகளில் எழுதிய ரசீதை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. பொருளின் பெயர், மாதிரி எண், உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றும் அதில் இல்லை என்பது காரணம். அதைவிடக் கூடிய விலையில், அந்த மலைக்குப் பொருந்தாத ஆயத்தப் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தால் ஒரு வினாவும் எழுந்திராது. கணக்குப் பிரிவினரைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. விதி சொன்னதையே அவர்கள் செய்தனர். அந்த விதி வாங்குவதை மட்டுமே அறியும், செய்வதை அறியாது. 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தை கொள்முதலில் வெளிப்படைத்தன்மையைக் கூட்டியது உண்மை. ஆனால் பட்டியலில் உள்ள பொருளைத் தேர்ந்தெடுப்பது போல, தகட்டில் கோடிட்டுத் தரும் ஒருவரின் கையறிவைத் தேர்ந்தெடுக்க இயலாது.

மறுப்புகளையும் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது விலை. ஆயிரக்கணக்கில் அச்சில் அழுத்திச் செய்யும் ஆலையின் மலிவான பெட்டியோடு பட்டறைப் பெட்டி விலையில் போட்டியிட முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழுதியாலும் ஈரத்தாலும் ஆயுள் குறையும் தாய்ப்பலகையின் விலையையும், பெட்டி எத்தனை பலகைகளுக்கு உழைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எல்லாக் கணினிக்கும் கைப்பெட்டி வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கடும் இடத்தில் நிற்கும் கணினிக்கும், கற்பிப்பதற்கென்று நிற்கும் கணினிக்கும் வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. மின்சாரப் பொருளைப் பட்டறையில் செய்யலாமா என்று கேட்கலாம். பெட்டி செய்பவர் மின்வழங்கியைச் செய்வதில்லை. தரச்சான்று பெற்ற மின்வழங்கியை உள்ளே பொருத்துகிறார். நிலத்தொடர்பு, கூர்முனை, காற்றுவழி ஆகிய மூன்றையும் சரிபார்க்க ஒரு பக்க அளவிலான பட்டியல் போதும். அதனைப் பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் ஒரு மாலையில் எழுதித் தரலாம். மூன்றாவது மறுப்பு நெகிழிக்கழிவு. அக்ரிலிக்கும் நெகிழியே. அதனால்தான் ஒரு மூடியோடு நிறுத்தச் சொல்கிறேன். பழைய பெட்டிகளின் தட்டுகளையே எடுத்துப் புதிய சட்டகத்தில் பொருத்தினால், தாய்ப்பலகைத் துளைகளை மீண்டும் இட வேண்டிய வேலையும் இல்லை, கழிவும் குறையும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை வலியுறுத்துகின்றன. பயன்படுத்துவோர் கையில் இருப்பது பொருளின் ஆயுளை நீட்டும் வழி. அதற்குப் பெட்டியைத் திறக்கவும் திருத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவதாக, சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் கணினி மன்றங்கள் ஆண்டுக்கு ஒரு பெட்டியையாவது அருகிலுள்ள பட்டறையோடு சேர்ந்து செய்யட்டும். முதலில் அட்டையில் மாதிரி, பிறகு தகட்டில் கோடு, பிறகு வெட்டும் மடிப்பும் என்ற வரிசையில் மாணவர் அளக்கவும் வரையவும் கற்பர். வெட்டுவதும் மடிப்பதும் தொழிலாளியின் கையில் இருக்கட்டும். அன்றைய வகுப்பில் ஆசிரியர் இடத்தில் அவர் நிற்கட்டும்; அதற்குரிய மதிப்பூதியத்தையும் பெறட்டும். இரண்டாவதாக, கல்வி நிறுவனங்களின் கொள்முதல் படிவத்தில் செய்வித்தல் என்று ஒரு வரி சேர்க்கப்படட்டும். பொருட்செலவும் கூலியும் தனித்தனியே எழுதிய பட்டறை ரசீது, குறித்த தொகைக்குள் இருந்தால் ஏற்கத்தக்கதாகட்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பெட்டியோடும் அதன் வரைபடமும், கழித்த மடிப்பளவும், இட்ட துளையளவும், பயன்படுத்திய சொற்களும் தமிழிலும் மலையாளத்திலும் பதிவாகட்டும்.

மூன்றாவது வேண்டுகோளே எனக்கு மிக அவசரமானது. எல்லைப்புறப் பட்டறைகளில் நான் சந்தித்தவர்களுள் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். தந்தையின் தொழிலுக்கும் தம் படிப்புக்கும் தொடர்பில்லை என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தந்தை மடித்த தகட்டுக்குள் மகள் எழுதிய நிரல் ஓடலாம் என்பதை எந்தப் பாடமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பெட்டியைச் சேர்ந்து செய்யும்போது அது சொல்லாமலே விளங்கும்.

சித்தூர், அட்டப்பாடி, மறையூர், குமுளிப் பகுதிகளில் தகட்டு வேலையோ பெயர்ப்பலகை வேலையோ அறிந்தவர்கள் உங்கள் வீட்டில், தெருவில் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு மடிப்புக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்றும், அந்தக் கழிவை என்ன சொல்லால் அழைக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதி அனுப்புங்கள். தகட்டின் கேஜையும் ஊரின் பெயரையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள்.